வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
3 செப்டம்பர் 2024

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தில் 'அன்புள்ள' போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றேதான் விட்டேன். போனில் கேட்டிருப்பேன். ஆனால் உங்கள் வீட்டில் இருக்கும் ஒரே போன் அண்ணன் சட்டைப் பையில் இருக்கிறது, அதுவும் அஞ்செட்டி போய்ச் சேர்ந்தால்தான் சிக்னல் எடுக்கும். அண்ணனிடம் சொல்லி உங்களிடம் சொல்லச் சொன்னால் பாதி வழியிலேயே கரைந்துவிடும். அதனால்தான் தபால்.

நேற்று ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். நெல்லிக்கொட்டாயிலிருந்து அஞ்செட்டிக்குக் காலை ஏழு நாற்பதுக்கு ஒரு பஸ் விடச் சொல்லி ஜூலையிலிருந்து நான் கொடுக்கும் மூன்றாவது மனு இது. இங்கே எங்கள் பெண் தொழிலாளர் சங்கத்தில் இரண்டு வருடமாக இதே வேலைதான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களுக்காக எங்கள் சந்துக்கு விளக்கு வாங்கினோம், குழந்தைகள் காப்பகம் வாங்கினோம். ஊரான் சந்துக்கு விளக்கு கேட்டவளுக்குப் பிறந்த ஊருக்கு ஒரு பஸ் கேட்கத் தெரியாதா என்று தெம்பாகப் போனேன்.

அங்கிருந்த அதிகாரி பைலைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஆகஸ்ட் 15 கிராம சபைத் தீர்மானம். 'யானை நடமாட்டம் உள்ளதால் நெல்லிக்கொட்டாய்க்குக் காலைப் பேருந்து தேவையில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' கீழே வரிசையாகக் கையெழுத்து. பதினான்காவது கையெழுத்து உங்களுடையது. 'ச'வின் வாலை நீங்கள் சுழித்துவிடும் அழகை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

"ஊர்ல இருக்கறவங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்க ஓசூர்ல இருந்துக்கிட்டு யாருக்கும்மா பஸ் கேக்கறீங்க?" என்று கேட்டார். கிண்டலாகக் கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சூப்பர்வைசரையே வாயடைக்கிறவள் நான், மனுவை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

யாருக்குக் கேட்டேன்? உங்கள் மகள் அனுப்ரியாவுக்குத்தான். அஞ்செட்டியில் பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து ஒரு நாள் கூட நேரத்துக்குப் போகவில்லை என்று நான் ஆடிக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள். மகளுக்கு வரும் பஸ்ஸை அம்மாவே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பாரா? ஏன் அண்ணி?

பதில் போடுங்கள். போடாவிட்டாலும் நான் விடப்போவதில்லை.

மேகலா


நெல்லிக்கொட்டாய், அஞ்செட்டி வழி
9 செப்டம்பர் 2024

கோபக்கார மேகலாவுக்கு,

நீ விட்டுவிட்ட 'அன்புள்ள'வையும் சேர்த்து நானே இரண்டு முறை போட்டுவிடுகிறேன். அன்புள்ள, அன்புள்ள.

கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் நான் போட்டபோது அதற்கு மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நீ கல்யாணமாகிப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, இங்கே கிராம சபை எப்படி நடக்கும் என்று மறந்திருப்பாய். பள்ளிக்கூட வராந்தாவில் கூடுவோம். தலைவர் சரோஜம்மாள் கொடி ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்காருவார். பேசுவதெல்லாம் அவர் வீட்டுக்காரர் வெங்கடப்பன். டீத் தட்டு வரும்போதே பின்னால் நோட்டும் வரும். ஒரு கையில் போண்டா, ஒரு கையில் பேனா. தாளின் மேல் பாதி வெள்ளையாக இருக்கும், கீழ்ப் பாதியில் நாங்கள் கையெழுத்துப் போடுவோம். மேலே அப்புறம் எழுதிக்கொள்வார்கள். மாடு காத்திருக்கிறதே என்று நாங்கள் கிளம்பிவிடுவோம். மேலே ஒன்றும் இல்லாவிட்டால் படிக்கும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்ட ஊர் இது. எனக்கும் அது தப்பாகத் தோன்றியதே இல்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் வெட்கமாக இருக்கிறது.

யானை விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஏழு நாற்பது பஸ்ஸை மறிக்கிற யானை ஒன்பது மணி ஜீப்புக்கு மட்டும் ஒதுங்கி நின்று வழி விடுமா? யார் எழுதியது என்று ஊருக்கே தெரியும். அந்த ஜீப் வெங்கடப்பனுடையது.

சிரித்து முடித்ததும் வேறொன்று ஞாபகம் வந்தது. ஜீப் வெங்கடப்பனுடையது, ஓட்டுவது யார்? உன் அண்ணன். ஊரிலிருந்து அஞ்செட்டிக்குப் போகிற ஒரே வண்டி அது. காலையில் பஸ் வந்துவிட்டால் ஜீப்பில் யார் ஏறுவார்கள்? மூன்று மனு எழுதினாயே, மூன்றில் ஒரு முறையாவது என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? என் மகளுக்காக என்று சொல்கிறாய். அவளுக்குச் சோறு போடுவது அந்த ஸ்டீயரிங்தான். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளில் எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டவில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. களி கிண்ட நேரமாகிவிட்டது, மீதியைக் கோபம் ஆறிய பிறகு பேசுவோம். உன் கோபத்தைச் சொல்லவில்லை, என் கோபத்தைச் சொல்கிறேன்.

சரிதா


மூக்கண்டப்பள்ளி
14 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

போட்டுவிட்டேன், பார்த்தீர்களா?

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, அதனால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் சீனியர் அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்த பாடம்: செக் பண்ணாத ஷீட்டில் கையெழுத்துப் போடாதே. பெட்டியில் கெட்ட பாகம் போய்விட்டால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவள்தான். அதையே நான் புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்கிறேன். என் சொந்த வீட்டுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. ஆகவே அந்தப் பதினான்காவது கையெழுத்தில் பாதி என்னுடையது.

ஜீப்பைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்பதும் உண்மை. உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் ராஜ்குமாரிடம் படித்துக் காட்டினேன். அவர் விருதுநகர்க்காரர், நல்லதைக் கூடக் குத்தலாகத்தான் சொல்வார். "நீ யாருக்காக மனு எழுதுறியோ அவுகள மொதல்ல கேளுன்னு உனக்கே ஒரு மனு குடுக்கணும்" என்றார். இரண்டு நாள் அவருக்குச் சட்னி இல்லாமல் தோசை போட்டேன். பிறகு அவர் சொன்னது சரி என்று பட்டது, சட்னி அரைத்துவிட்டேன்.

சங்கத்தில் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். கிராம சபை போட்ட தீர்மானத்தை மாற்ற இன்னொரு கிராம சபைத் தீர்மானம் வேண்டும். நான் நூறு மனு கொடுத்தாலும் அந்த ஒரு தாள் குறுக்கே நிற்கும். அடுத்த சபை அக்டோபர் 2. அன்று பெண்கள் வர வேண்டும், எழுதிப் படித்துக் காட்டும் வரை கையெழுத்துப் போடக்கூடாது. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவையும் செய்ய என்னால் முடியாது. என் ஓட்டு ஓசூரில் இருக்கிறது, அந்தச் சபையில் நான் எழுந்து பேச உரிமை இல்லை. ஊரில் உங்கள் பேச்சுக்குத்தான் பெண்கள் நிற்பார்கள். சங்கத்தில் நான் பெரிய ஆள், நெல்லிக்கொட்டாயில் நான் விருந்தாளி. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அண்ணன் வேலைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். என்னிடம் பதில் இல்லை. இல்லாத பதிலை இருப்பதாக எழுத மாட்டேன். நீங்கள் வேண்டாம் என்றால் இதோடு விட்டுவிடுகிறேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

மேகலா


நெல்லிக்கொட்டாய்
21 செப்டம்பர் 2024

அன்புள்ள மேகலாவுக்கு,

'முடியாது' என்று உனக்கு எழுதி, ஒட்டி, சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும்போது தபால் பெட்டியில் போடுவதற்காக எடுத்தும் வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பாங்கில் கைரேகை வைக்க வேண்டும் என்று அஞ்செட்டிக்குப் போனேன். அனுவோடு காலை ஜீப்பிலேயே போனேன். மற்ற நாளில் நான் மத்தியானம்தான் போவேன், காலை ஜீப் எப்படிப் போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ஏழரைக்கெல்லாம் ஏறி உட்கார்ந்தோம். ஜீப் நிறைந்தால்தான் எடுப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். நிறைய எட்டே முக்கால் ஆனது. முதலில் அனு முன் சீட்டில் இருந்தாள். ஆள் வந்தார், உன் அண்ணன் "பாப்பா, பின்னால போய்க்கம்மா" என்றார். பின்னால் உட்கார்ந்தாள். அங்கேயும் ஆள் வந்தது. "பாப்பா, கொஞ்சம் எழுந்துக்கம்மா." பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து, பின்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என் இடத்தைக் கொடுக்கப் போனேன், "வேணாம்மா, பழக்கம்தான்" என்றாள். தொட்டி மேட்டில் ஒருவர் ஆட்டோடு ஏறினார். ஆடு உள்ளே போனது. ஆட்டுக்கு டிக்கெட் உண்டு, டிரைவர் மகளுக்கு இல்லையே. இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வழி முழுக்க உன் அண்ணன் கண்ணாடியில் பின்பக்கம் பார்க்கவே இல்லை.

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது பத்து ஆகப்போகிறது. ஏன் நேரமாச்சு என்று வாட்ச்மேன் கேட்பார், நான் ஏதாவது சொல்லலாம் என்று கூடவே போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அனுவைப் பார்த்ததும் சின்னக் கதவைத் திறந்துவிட்டார், அவள் உள்ளே ஓடினாள். அவர் கேட்காததுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது.

வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் கேட்டேன். உன் கடிதங்களையும் எடுத்துக் காட்டினேன். "நான் என்னா பண்றது, வண்டி என்துதா? சீட்டு நெறையாம எடுத்தா அவரு சாவியப் புடுங்கிக்குவாரு" என்றார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "அவளுக்கும் அலைச்சலாத்தான் இருக்குது. கால் பரிச்சையோட நிறுத்திக்கலாமா?" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை, மேகலா. தன் மகளைப் படியில் நிற்க வைத்து ஓட்டுவது அவருக்கும் வலிக்கிறது. வலிக்கு அவர் கண்டுபிடித்த மருந்து அது.

நான் சிங்காரப்பேட்டையில் பிறந்தவள். எங்கள் தெரு முனையில் பஸ் நின்று ஏற்றிக்கொண்டு போகும், அதனால் பன்னிரண்டாவது முடித்தேன். என் மகள் பதினொன்றோடு நின்றால் எங்கள் வீட்டில் படிப்பு பின்னால் நடக்கிறது என்று அர்த்தம். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஜீப்புக்கு வருவது வரட்டும். என்ன செய்ய வேண்டும் என்று எழுது. சுருக்கமாக எழுது.

சரிதா


மூக்கண்டப்பள்ளி
25 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

கேன்டீனில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, ஆட்டைப் பற்றிய இடத்தில் சிரித்து, வாட்ச்மேன் இடத்தில் அழுது, சாம்பார் சாதத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

சுருக்கமாக எழுதச் சொன்னீர்கள். பதினொன்று எழுதி இரண்டை அடித்துவிட்டேன், ஒன்பதுதான் இருக்கிறது. தனித்தாளில் இருக்கிறது, பாருங்கள். உத்தரவு போடுகிறேன் என்று நினைக்காதீர்கள் என்று எழுத வந்தேன், உத்தரவுதான். முக்கியமானது கடைசி: தீர்மானத்தைத் தலைவர் சரோஜம்மாள் வாயால் படிக்க வேண்டும். அவர் வீட்டுக்காரர் படித்தால் அவர் குரலில் எது வேண்டுமானாலும் ஏகமனதாகிவிடும்.

அண்ணன் என்மேல் கோபமாக இருப்பார். இருக்கட்டும். தீபாவளிக்கு வரும்போது திட்டிக்கொள்ளட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

2ஆம் தேதி எனக்கு ஷிஃப்ட் இல்லை. உங்களிடமிருந்து செய்தி வர எந்த வழியும் இல்லை என்று தெரிந்தே நாள் முழுக்கப் போனைக் கையில் வைத்திருப்பேன்.

மேகலா


நெல்லிக்கொட்டாய்
4 அக்டோபர் 2024

அன்புள்ள மேகலாவுக்கு,

முதலில் விஷயம்: தீர்மானம் நிறைவேறிவிட்டது. இனி நிதானமாகப் படி.

உன் ஒன்பது உத்தரவில் ஏழு மறந்துவிட்டது. தாளைக் கன்றுக்குட்டி தின்றுவிட்டது என்று சொல்லலாம் என்று பார்த்தேன், உண்மையில் கழுவின பாத்திரத்துக்கு அடியில் நனைந்து போனது. நீ முக்கியம் என்று எழுதிய கடைசியையும் இன்னொன்றையும் மட்டும் பிடித்துக்கொண்டேன். தினமும் காலை பால் ஊற்றும் வரிசையில் கேனோடு நிற்கும்போது முன்னால் இருப்பவளுக்கும் பின்னால் இருப்பவளுக்கும் சொல்வேன்: படித்துக் காட்டாமல் கையெழுத்து இல்லை. ஆகஸ்ட் 15இல் நாம் எதன் கீழே கையெழுத்துப் போட்டோம் என்று சொன்னதும் எல்லோருக்கும் ரோஷம் வந்துவிட்டது. காந்தி ஜெயந்திக்குள் ஊர்ப் பெண்களுக்கு அது மனப்பாடம். அதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

வழக்கமாக முப்பது பெண்கள் வருகிற வராந்தாவில் அன்றைக்கு எண்பதுக்கு மேல். போண்டா பற்றவில்லை. வெங்கடப்பன் முகத்தில் முதலில் தெரிந்த கவலை அதுதான். நோட்டு வந்தது. மேல் பாதி வழக்கம்போல வெள்ளை. முதலில் இருந்த பூங்கொடி போண்டாவை எடுத்துக்கொண்டு நோட்டைப் பக்கத்தில் கொடுத்தாள். பக்கத்துப் பெண்ணும் அப்படியே. நோட்டு வராந்தா முழுக்கச் சுற்றிவிட்டு, போன மாதிரியே வெங்கடப்பனிடம் திரும்பி வந்தது. அவர் புரட்டிப் பார்த்தார். பேனாவில் மை இல்லை என்று நினைத்துக்கொண்டு வேறு பேனாவோடு இன்னொரு சுற்று அனுப்பினார். அதுவும் சுத்தமாகத் திரும்பி வந்தது.

அப்போதுதான் நான் எழுந்தேன். கேட்டுக்கு வெளியே ஜீப்பில் சாய்ந்தபடி உன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

"கையெழுத்து போடறங்க. மொதல்ல மேல எழுதுங்க. பஸ் வேணாம்னு போட்டத ரத்து பண்ணி, காலையில பஸ் வேணும்னு எழுதுங்க. எழுதினதப் படிச்சிக் காட்டுங்க."

யானை வருமே, ஆளை அடித்தால் யார் பொறுப்பு என்று வெங்கடப்பன் ஆரம்பித்தார். தூணில் சாய்ந்திருந்த புட்டம்மா எழுந்திருக்காமலே பதில் சொன்னாள். அவளுக்குக் கன்னடம்தான் வாய்க்கு வரும், அன்றைக்கு எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னாள். "ஆனெ ராகி தின்ன வருது. பஸ்ஸத் தின்ன வராது." ஆண்கள் பக்கமும் சிரித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு யானையை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

ஊராட்சிச் செயலாளர் எழுதினார். வெங்கடப்பன் படிக்க நோட்டை வாங்கினார். "நீங்க இல்லீங்க மாமா. தலைவரு படிக்கட்டும்" என்றேன். ஐந்து வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சரோஜம்மாள் குரலை நாங்கள் மைக்கில் கேட்டதே இல்லை. அவர் கணவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு மஞ்சள் பைக்குள் கைவிட்டு மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடி கொண்டு வந்திருந்தார், மேகலா. பால் வரிசையில் அவர் வீட்டுப் பாலும் வருகிறதே, அவருக்கும் செய்தி போயிருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் படித்தார். கடைசியில் 'தலைவர், சரோஜம்மாள்' என்று தன் பெயரையும் சேர்த்துப் படித்தார். அதைக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போது வினை. நோட்டு சுற்றி வந்தது, ஒருத்தியும் கையெழுத்துப் போடவில்லை! இத்தனை நாளாக நான் கற்றுக்கொடுத்த பாடம். "இதாங்கடி அது, போடுங்க" என்று நான் கெஞ்சுகிறேன், இவர்கள் என்னையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். "இன்னொந்து சல ஓதம்மா" என்றாள் புட்டம்மா. சரோஜம்மாள் இன்னொரு முறை படித்தார். மூன்றாவது முறையும் படித்தார், அதற்குள் அவர் குரல் நன்றாகத் திறந்துவிட்டது. பிறகு புட்டம்மா நோட்டை மடியில் வாங்கி, கடைசி வரிக்கும் கையெழுத்துப் போடும் இடத்துக்கும் நடுவே நான்கு விரலை வைத்தாள். அவ்வளவு இடம் காலியாக இருந்தது.

"இங்க என்னா எழுதுவ?" என்று செயலாளரைக் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றார்.

"ஒண்ணும் இல்லன்னா அடிச்சிடு."

அவர் ஸ்கேலை வைத்துக் கோடு கோடாக அடித்த பிறகுதான் கட்டை விரலை மையில் அமுக்கினாள். அடுத்தது நான். அப்புறம் வரிசையாக எல்லோரும்.

உன் அண்ணன் அன்றைக்குப் பேசவில்லை. மறுநாள், "என்ன ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். உன்னிடம் நான் கேட்ட அதே கேள்வி. கேட்டால் வேண்டாம் என்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அதற்குப் பிறகு சாப்பிடுகிறார், பேசவில்லை. களி இரண்டு உருண்டை தட்டை நீட்டி வாங்குகிறார் என்பதால் பயப்படவில்லை.

தீர்மானத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இனி உன் வேலை.

சரிதா


மூக்கண்டப்பள்ளி
24 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணி,

நகலைச் சங்கத்தில் எல்லோருக்கும் காட்டினேன். தீர்மானத்தை விட்டுவிட்டு எல்லோரும் அந்தக் கோடுகளைத்தான் பார்த்தார்கள். இரண்டு வருடமாக எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், காலி இடத்தை அடிக்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை. இப்போது எங்கள் சங்க நோட்டிலும் கோடு போடுகிறோம். அதற்குப் பெயர் புட்டம்மா கோடு. அவரிடம் சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை மறுபடி கிருஷ்ணகிரி போனேன். அதே அதிகாரி. "இப்ப ஊரே கேக்குதுங்க சார்" என்று தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடப் போனார், கையெழுத்துப் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள் என்றேன். புரட்டினார். டெப்போவுக்கு எழுதினார், நான் பின்னாலேயே போனேன். பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பப் பார்த்தார்கள், எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நவம்பரில் பதினைந்து நாள் சோதனை ஓட்டம் விடுகிறார்கள். கூட்டம் இருந்தால் தொடரும்.

ஒரு சிக்கல். ஊருக்குள் பஸ் திரும்ப இடம் இல்லையாம். இடம் காட்டாவிட்டால் ஒன்றரை கிலோமீட்டர் முன்னால் தொட்டி மேட்டிலேயே திருப்பிவிடுவோம் என்கிறார்கள். ஊரில் பஸ் திரும்பும் அளவு அகலம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, வெங்கடப்பன் ஜீப் நிற்கிற புறம்போக்கு. அதை நான் எழுதிக் கேட்க முடியாது. உங்களையும் கேட்கச் சொல்ல மனம் வரவில்லை. போதும் போதும் என்கிற அளவு செய்துவிட்டீர்கள்.

தீபாவளிக்கு என்னால் வர முடியாது, லீவெல்லாம் கிருஷ்ணகிரியிலேயே தீர்ந்துவிட்டது. அண்ணன் பேசுகிறாரா? உங்களிடம் பேசினால் போதும், என் முறை பிறகு வரட்டும்.

மேகலா


நெல்லிக்கொட்டாய்
12 நவம்பர் 2024

அன்புள்ள மேகலாவுக்கு,

நேற்று பஸ் வந்தது.

திரும்பும் இடத்தைப் பற்றி உன் கடிதத்தை உன் அண்ணனிடமே கொடுத்து வாயை மூடிக்கொண்டேன். படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெங்கடப்பன் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. சரோஜம்மாள்தான் பால் வரிசையில் சொன்னார். ஜீப்பைக் கோயில் பக்கம் நிறுத்திக்கொள்கிறேன், என் மகள் படியில் நின்று வருவதை இனி என்னால் பார்க்க முடியாது, சாவி வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வெங்கடப்பன் சாவியை வாங்கவில்லை. அந்த ரோட்டில் அந்த வண்டியை ஓட்ட வேறு ஆள் கிடைக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். தவிர, உள்ளேயிருந்து சரோஜம்மாள், அது புறம்போக்கு, தலைவர் நான்தான், பஸ் அங்கேதான் திரும்பும் என்று குரல் கொடுத்தாராம். இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

இப்போது ஜீப் காலையில் தக்காளிக் கூடை ஏற்றிக்கொண்டு தேன்கனிக்கோட்டைக்குப் போகிறது. மத்தியானம் வழக்கம்போல ஆள் ஏற்றுகிறது. முன்னைப் போல வருமா என்று இப்போதே சொல்ல முடியாது, ஒரு மாதம் போனால் தெரியும். கூடைகள் நேரமாச்சு என்று சண்டை போடுவதில்லை என்று உன் அண்ணன் சொன்னார். பேசுகிறார் என்று உனக்கு இதிலேயே புரிந்திருக்கும்.

பஸ் வந்தபோது ஊரே ரோட்டில் நின்றது. புட்டம்மா எந்த வேலையும் இல்லாமல் அஞ்செட்டி வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். கூட்டம் இல்லை என்று எழுதிவிடப் போகிறார்கள் என்று அவளுக்குப் பயம். பதினைந்து நாளும் போவதாகச் சொல்லியிருக்கிறாள். டிரைவர் ஓசூர்க்காரர், பின்னால் பள்ளம் இருக்கிறது என்று திருப்பத் தயங்கினார். உன் அண்ணன்தான் பின்னால் போய் நின்று, கையால் தட்டித் தட்டித் திருப்பிவிட்டார்.

சாயங்காலம் அனு வந்து பையைக் கூட இறக்காமல் சொன்ன கதை இது. முதல் பீரியட் இயற்பியலாம். அந்த சார்தான் காலை அட்டென்டன்ஸ் எடுப்பாராம். அவள் போவதற்குள் எப்போதும் அந்தப் பீரியட் முடிந்திருக்கும், பிறகு ஆபீஸில் போய்த் திருத்திக்கொள்வாளாம். நேற்று அவர் குனிந்தபடியே 'அனுப்ரியா' என்று கூப்பிட்டு, வழக்கம்போல ஆப்சென்ட் போடப் போயிருக்கிறார். "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்ததும் நிமிர்ந்து பெஞ்சு பெஞ்சாகத் தேடிப் பார்த்தாராம்.

"நீதான் அனுப்ரியாவா? அஞ்சு மாசமா பேர மட்டும்தாம்மா கூப்பிட்டுக்கிட்டிருந்தன்."

அவள் அவரைப் போலவே கண்ணாடியை ஏற்றிவிட்டு நடித்துக் காட்டினாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த உன் அண்ணன் சிரிக்கவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவர் அப்படியே நின்றார். பிறகு குழாயை மூடிவிட்டு அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"பஸ்ஸு ஏழு நாப்பதுக்கு. அவள ஏழரைக்கே போய் நிக்கச் சொல்லு."

சரிதா